முதல் குக்கூவின் தேதி: இங்கிலாந்தின் வசந்த எழுத்து, ஒரு பார்வை

நார்ஃபோக் பகுதியில் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற ஊரில் வாழ்ந்த நிலக்கிழார் ராபர்ட் மார்ஷம், 1736இல் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். ஸ்னோடிராப் முதலில் பூத்த நாள், ஓக் மரம் தளிர்விட்ட நாள், தவளை முதலில் கத்திய நாள், முதல் தகைவிலான் வந்த நாள், முதல் குக்கூ கூவிய நாள் என வசந்தத்தின் 27 அடையாளங்களைக் குறித்துவந்தார். 1789இல் லண்டன் ராயல் சொசைட்டி அந்தப் பட்டியலை வெளியிட்டது. 1797இல் அவர் மறைந்த பிறகும் அவருடைய குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதை எழுதினார்கள். கடைசிப் பதிவு 1958ஆம் ஆண்டுக்குரியது.

இங்கிலாந்தின் வசந்தம் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடப்புத்தகம்தான் நினைவுக்கு வரும்: துள்ளும் ஆட்டுக்குட்டி, மஞ்சள் டாஃபடில், பச்சைப் புல்வெளி. அந்தப் படத்துக்கு அடியில், மார்ஷமின் பட்டியல் போன்ற கண்டிப்பான கவனிப்பிலிருந்து பிறந்த எழுத்து மரபு ஒன்று இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிவருகிறது. டிசம்பரில் தென் இங்கிலாந்தில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மே முடிவில் அது பதினாறு மணி நேரத்தைத் தொடுகிறது. இத்தனை வேகமாக வெளிச்சம் திரும்பும் நாட்டில் ஒரு பூவோ ஒரு குரலோ செய்தியாகிவிடுகிறது. அந்தச் சிறிய இன்பங்களை எழுதியவர்களில் யார் இன்றும் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. துல்லியமாகப் பார்த்தவர்களே நிற்கிறார்கள் என்பது என் முடிவு. அந்த இன்பம் எவருக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை என்பதையும் அவர்களே நமக்குச் சொல்கிறார்கள்.

செல்போர்னின் பாதிரியார்

மரபின் முதல் பெரிய நூல் கில்பர்ட் வைட்டுடையது. ஹாம்ப்ஷயரின் செல்போர்ன் கிராமத்தில் பாதிரியாராக இருந்த வைட், தாமஸ் பென்னன்ட், டெயின்ஸ் பேரிங்டன் ஆகிய இருவருக்கும் எழுதிய கடிதங்கள் 1789இல் ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ என்ற நூலாயின. அவருக்கு உலகம் சுற்றும் ஆசை இல்லை. ஒரே கிராமத்தை ஆயுள் முழுக்கப் பார்த்தார்.

அந்தப் பார்வை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஏப்ரலில் இலைகளுக்கிடையே தாவித் திரியும் மங்கிய பச்சைநிறச் சிறு குருவிகளை அதுவரை ஒரே இனமாகவே பலரும் எண்ணியிருந்தார்கள். பார்வைக்கு அவை அவ்வளவு ஒத்திருக்கும். வைட் காதை நம்பினார். ஒன்று ‘சிஃப், சாஃப்’ என இரண்டே சுரங்களை மாற்றி மாற்றிப் போடுகிறது; இன்னொன்று மேலிருந்து படிப்படியாக இறங்கும் மெல்லிய பாட்டைப் பாடுகிறது; மூன்றாவது பீச் மரத்து உச்சியில் இறக்கை நடுங்க அதிர்ந்து ஒலிக்கிறது. மூன்றும் வெவ்வேறு இனங்கள் என்று 1768 வாக்கிலேயே கண்டுகொண்டார். வசந்தகாலக் காலையில் காது கொடுத்து நிற்பதும் ஒரு கண்டுபிடிப்பாகலாம் என்று காட்டிய இடம் இது.

அத்தையிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்த ‘திமோத்தி’ என்ற ஆமை மண்ணுக்குள் புதைந்து குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏப்ரலில் வெளியே வரும். அந்த நாளையும் குறித்துவைத்தார். தகைவிலான்கள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை. அவற்றில் சிலவாவது ஆமையைப்போல இங்கேயே எங்கோ உறங்கிக் கிடக்குமோ என்ற ஐயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. விடை வர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1911 மே மாதம் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு வழக்கறிஞர் தம் வீட்டில் கூடுகட்டிய தகைவிலானின் காலில் வளையம் மாட்டினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பிடிபட்டது.

முதல் குக்கூவைக் கேட்டதும் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதுவது பிற்காலத்தில் ஒரு வழக்கமாகவே ஆயிற்று. 1913 பிப்ரவரியில் ரிச்சர்ட் லைடெக்கர் என்ற விலங்கியல் அறிஞர் குக்கூ கூவியதைக் கேட்டதாக எழுதினார். சில நாள்களிலேயே, கூவியது ஒரு கட்டடத் தொழிலாளி என்று திருத்தம் அனுப்பினார். பருவத்துக்கு முன்பே, பிப்ரவரியில், குக்கூ என்றால் அது திருத்தப்பட்டே ஆக வேண்டிய தகவல் என்று எழுதியவரும் வாசகரும் கருதியதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

ஏரிக்கரையும் வேலியடைப்பும்

1802 ஏப்ரல் 15 அன்று டோரதி வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய அண்ணன் வில்லியமும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் காட்டு டாஃபடில்களைக் கண்டார்கள். டோரதி அன்று நாட்குறிப்பில் எழுதினார். வில்லியம் சுமார் இரண்டாண்டுகள் கழித்துக் கவிதை எழுதினார். அது 1807இல் அச்சேறி உலகப் புகழ் பெற்றது. கவிதையில் கவிஞர் தனியே அலைகிறார். நாட்குறிப்பில் இருவர் நடக்கிறார்கள்; காற்று கடுமையாக வீசுகிறது; முதலில் சில பூக்களே தென்படுகின்றன, போகப்போகப் பெருகுகின்றன; சில பூக்கள் பாசி படிந்த கற்களின் மேல் தலைசாய்த்துக் கிடக்கின்றன. அந்த நாளின் குளிரும் களைப்பும் டோரதியிடமே இருக்கின்றன. வெளியிடும் எண்ணம் இல்லாமல் எழுதப்பட்ட கிராஸ்மியர் நாட்குறிப்பின் பகுதிகள் 1897இல்தான் நூலாக வந்தன. வசந்த எழுத்தின் உச்சங்களில் அதுவும் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

டோரதிக்கு நடக்க வழி இருந்தது. ஜான் கிளேருக்கு அந்த வழியே பறிபோயிற்று. 1793இல் நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் விவசாயக் கூலியின் மகனாகப் பிறந்த கிளேர், தாமும் கூலி வேலை செய்தவர். 1809இல் அவருடைய ஊருக்கான வேலியடைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஊர்ப் பொதுநிலம் அளக்கப்பட்டுத் தனியார் பங்குகளாயிற்று. பழைய மரங்கள் வெட்டப்பட்டன. சிறுவயதிலிருந்து அவர் நடந்த வழிகள் அடைபட்டன.

அதனால் கிளேரின் வசந்தத்துக்குள் ஓர் அவசரம் இருக்கிறது. 1827இல் வந்த ‘இடையனின் நாள்காட்டி’யிலும் பறவைக்கூட்டுக் கவிதைகளிலும் அவர் குனிந்தும் தவழ்ந்தும் பார்க்கிறார். நைட்டிங்கேலின் பாட்டைப் புகழ்ந்த கவிஞர்கள் பலர். அதன் கூட்டைத் தேடிப் புதருக்குள் புகுந்து, உலர்ந்த ஓக் இலைகளால் அது கூடு கட்டியிருப்பதையும் முட்டை ஆலிவ் நிறத்தில் இருப்பதையும் ஒரு கவிதையில் எழுதியவர் அவர். பார்த்துவிட்டுத் தொடாமல் திரும்பிவரும் நாகரிகமும் அந்தக் கவிதையில் உண்டு. தம் ஊர்ப் பேச்சுச் சொற்களை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பதிப்பாளர்கள் பலவற்றை வெட்டினார்கள். வாழ்வின் கடைசி இருபதாண்டுகளுக்கும் மேல் மனநலக் காப்பகத்தில் கழிந்தது. எளிய இன்பத்தை அவரளவுக்கு ஆழமாக அனுபவித்தவரும் இல்லை, அது பறிபோகக்கூடியது என்பதை அவரளவுக்கு அறிந்தவரும் இல்லை.

போர்க்காலத்து வசந்தம்

1913 ஈஸ்டர் விடுமுறையில் எட்வர்ட் தாமஸ் லண்டனிலிருந்து சைக்கிளில் கிளம்பி, வசந்தத்தை எதிர்கொள்ள மேற்கே சாமர்செட்டின் குவாண்டாக் குன்றுகள் வரை சென்றார். ‘வசந்தத்தைத் தேடி’ என்ற அந்தப் பயண நூல் 1914இல் வந்தது. மழை, எதிர்காற்று, விடுதிகள், வழியோரக் கல்லறை வாசகங்கள் எல்லாம் அதில் உண்டு. அந்த உரைநடையைப் படித்த அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட், நீங்கள் எழுதியிருப்பது கவிதைதான் என்று நண்பரை வற்புறுத்தினார். 1914 டிசம்பரில் தாமஸ் கவிதை எழுதத் தொடங்கினார். 1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்களன்று பிரான்சின் ஆராஸ் போர்முனையில் உயிரிழந்தார். வசந்தத்தைத் தேடிப் போன அதே ஈஸ்டர் பருவத்தில் அவர் கதை முடிந்ததை அறிந்தவர்கள் அந்த நூலை வெறும் பயணக்குறிப்பாகப் படிக்க முடியாது.

அடுத்த உலகப் போரின்போது ஒரு பறவையின் குரலே ஆவணமாயிற்று. சர்ரே மாவட்டத்தின் ஆக்ஸ்டெட்டில் செல்லோ கலைஞர் பியாட்ரிஸ் ஹாரிசனின் தோட்டத்திலிருந்து, 1924 தொடங்கி, மே மாத நைட்டிங்கேல் பாட்டை பிபிசி ஒலிபரப்பிவந்தது. 1942 மே 19 இரவு அங்கே ஒலிபரப்புக்கு ஆயத்தமாக இருந்தபோது, ஜெர்மனியின் மான்ஹைம் நகரைத் தாக்கப் போகும் குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேலே வந்தன. எதிரிக்குத் தகவலாகிவிடும் என்று பொறியாளர் நேரடி ஒலிபரப்பைத் துண்டித்தார்; ஒலிப்பதிவு மட்டும் தொடர்ந்தது. விமானங்களின் உறுமல் ஏறி இறங்க, பறவை பாட்டை நிறுத்தாமல் பாடுவதை இன்றும் கேட்கலாம்.

போர் முடிந்த மறுவசந்தத்தில், 1946 ஏப்ரலில், ஜார்ஜ் ஆர்வெல் ‘ட்ரிப்யூன்’ இதழில் தேரையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். குளிர்கால உறக்கம் கலைந்து மெலிந்த உடலோடு வெளிவரும் தேரையையும் அதன் கண்ணின் அழகையும் விவரித்துவிட்டு, இந்த இன்பங்களுக்குக் காசில்லை, ஆளுவோர் எவரும் இவற்றைத் தடைசெய்யவும் முடியாது என்று வாதிட்டார். இடதுசாரி இதழில் பூச்சி, புல் பற்றி எழுதலாமா என்ற முணுமுணுப்புக்கும் அதிலேயே பதில் சொன்னார்: உழைப்பைக் குறைத்து ஓய்வைப் பெருக்க நினைப்பவர்கள், அந்த ஓய்வில் மனிதன் எதை ரசிப்பான் என்றும் யோசிக்க வேண்டும். அந்தப் பதில் இன்றும் பழசாகவில்லை.

பாதை

ஆனால் தேரை இருக்கும் குளத்துக்குப் போக வழி வேண்டும். கிளேர் இழந்த வழிகளின் கதை இருபதாம் நூற்றாண்டில் திசை திரும்பியது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் வட்டாரத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, வேட்டைக்கென்று அடைத்துவைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் ஏறினார்கள். ஐவர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம் தேசியப் பூங்காக்களுக்கு வழிவகுத்ததோடு, பொதுப்பாதைகளை வரைபடத்தில் ஏற்றும் கடமையையும் உள்ளாட்சிகளுக்குத் தந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுப் புல்வெளி போன்ற திறந்த நிலங்களில் நடக்கும் உரிமையை விரித்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,40,000 மைல் பொதுப்பாதைகள் உள்ளன. தனியார் வயலின் நடுவே, பயிர்களுக்கிடையே, யாரும் உரிமையோடு நடக்கலாம். வசந்தத்தை எழுதியவர்களுக்குச் சமமாக இந்தப் பாதைகளுக்காக நின்றவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படி ஒரு பாதை காட்டுக்குள் நுழையும் இடத்தை ஏப்ரல் கடைசியில் பார்க்க வேண்டும். ஓக் மரங்கள் முழுதாக இலைவிடுவதற்கு முன், வெயில் தரையைத் தொடும் சில வாரங்களே புளூபெல் பூவுக்குக் கிடைத்த காலம். ஒரு பக்கமாகச் சாய்ந்த தண்டு, கீழ்நோக்கித் தொங்கும் குழல்பூ, நுனியில் பின்னோக்கிச் சுருண்ட இதழ், உள்ளே வெளிர்மஞ்சள் மகரந்தம், மெல்லிய மணம். தோட்டங்களிலிருந்து பரவிய ஸ்பானிய வகையின் தண்டு நிமிர்ந்து நிற்கும், மணம் அவ்வளவாக இருக்காது. விதையிலிருந்து பூக்க சுமார் ஐந்தாண்டுகள் ஆகின்றன. இலை மிதிபட்டால் கிழங்குக்கு உணவு சேராது, செடி நலிந்துவிடும். இந்த நீலப் பரப்புக்கு மனித உழைப்பும் ஒரு காரணம். ஹேசல் மரங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டித் துளிர்க்கவிடும் பழைய முறைதான் காட்டுத்தரைக்கு வெளிச்சம் தந்தது. ஆலிவர் ராக்கம் போன்ற வரலாற்றாய்வாளர்கள் இதை விரிவாக விளக்கியிருக்கிறார்கள்.

இன்றைய கணக்கு

அன்று இன்பத்துக்காகக் குறித்த தேதிகள் இன்று சாட்சியமாகியிருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1753 முதல் 2019 வரை பிரிட்டனில் எழுதப்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முதற்பூப்புப் பதிவுகளை, 406 தாவர இனங்களுக்கு, 2022இல் ஆராய்ந்தார்கள். 1986 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், அதன்பின் செடிகள் சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகப் பூக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் பட்டாணிக்குருவி இனத்தைச் சேர்ந்த கிரேட் டிட் பறவைகள் 1947 முதல் தொடர்ந்து கவனிக்கப்படுகின்றன. ஓக் தளிர், அதைத் தின்னும் புழு, புழுவைத் தின்னும் குஞ்சு ஆகிய மூன்றும் ஒரே வாரங்களில் சந்திக்க வேண்டும். அங்கேயே வாழும் குருவி முட்டையிடும் நாளை முன்னுக்குத் தள்ளிக்கொள்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையில் குளிர்காலத்தைக் கழித்து வரும் குக்கூவுக்கு இங்கே ஓக் துளிர்த்ததை அறிய வழியில்லை.

குக்கூவும் நைட்டிங்கேலும் இன்று பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. 1930களுக்கும் 1980களுக்கும் இடையில் இங்கிலாந்து, வேல்ஸ் பூம்புல்வெளிகளில் 97 சதவீதம் உழவுக்கும் உரத்துக்கும் பலியாயின. இன்றைய எழுத்தில் மகிழ்ச்சியோடு துக்கமும் கலந்திருப்பதற்குக் காரணம் இதுதான். கடும் மனச்சோர்வில் வசந்தத்தின் மீதான ஈர்ப்பையே இழந்து, கிழக்கு ஆங்கிலியாவுக்குக் குடிபெயர்ந்து அதை மீட்டெடுத்த கதையை ரிச்சர்ட் மேபி 2005இல் எழுதினார். தனக்கு ஆறுதல் தரும் நிலத்தின் நலனையும் சேர்த்தே அந்த நூல் பேசுகிறது. அதனாலேயே அது தன்னிரக்கமாகச் சுருங்கவில்லை.

இந்தத் துறையில் ஒரு பெரிய குறையும் உண்டு. பாதிரியார், நிலக்கிழார், நகரத்து எழுத்தாளர் ஆகியோரே பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். வசந்தம் என்றால் வேலை என்றிருந்தவர்கள் எழுதியது குறைவு. 1969இல் ரொனால்ட் பிளைத் ‘அக்கென்ஃபீல்ட்’ நூலில் சஃபோக் கிராமத்து மக்களைப் பேசவைத்தார். ஏரி மாவட்டத்து ஆட்டுப்பண்ணையாளர் ஜேம்ஸ் ரீபேங்ஸ் 2015இல் ஆடு ஈனும் பருவத்தைத் தம் சொந்தக் கையின் அனுபவமாக எழுதினார். கிளேர் திறந்த வழியில் வந்தவர்கள் இவர்கள். பழத்தோட்டக் கூலிகள், பால்பண்ணைப் பெண்கள், அண்மைக் காலத்தில் இந்தப் பாதைகளில் முதன்முறையாகக் கால்வைக்கும் குடியேறிகள் ஆகியோரின் நாட்குறிப்புகள் இனி வர வேண்டும். அவை வந்தால்தான் இந்த இன்பம் எல்லோருக்கும் உரியது என்று ஆர்வெல் சொன்னது முழு உண்மையாகும்.