நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க சார்!

சென்னையில் கார் ஓட்டும் யாரும் இந்த வாக்கியத்துக்குத் தப்பியிருக்க முடியாது. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, தி.நகர் சந்து, சொந்த அபார்ட்மென்ட் என எங்கே வண்டியை நிறுத்தினாலும் விசிலோடு ஒருவர் ஓடி வருவார். ''ஹேண்ட் பிரேக் போடாதீங்க, நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க சார்!'' அதாவது, உங்கள் வண்டி இன்னொருவர் வண்டியை மறித்துக்கொண்டு நிற்கிறது. அவர் கிளம்பும்போது நாலு பேர் சேர்ந்து உங்கள் வண்டியைத் தள்ளி வழி விடுவோம். சாவி உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிடலாம். இடம் இல்லாத ஊர் தனக்குத் தானே செய்துகொண்ட ஏற்பாடு இது. கோர்ட்டு, கேஸ் இல்லாமல் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

எலெக்ட்ரிக் கார் இந்த ஏற்பாட்டை உடைத்துவிட்டது.

செக்யூரிட்டி அதே வாக்கியத்தைச் சொல்கிறார். நீங்களும் தலையாட்டிவிட்டு, ஸ்விட்சை அணைத்து, கதவைத் திறந்து இறங்குகிறீர்கள். பல மாடல்களில் அந்த நொடியே கார் தானாக 'பார்க்' நிலைக்குப் போய்விடும். பார்க்கிங் பிரேக்கும் 'உய்ங்' என்று சின்னதாக முனகிவிட்டுப் பின் சக்கரங்களைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் நாலு பேர் என்ன, நாற்பது பேர் தள்ளினாலும் நகராது. மைக்கில் உங்கள் வண்டி நம்பரை வாசிப்பார்கள். பாயசம் வருவதற்குள் எழுந்திருக்க வேண்டியதுதான்.

இதில் யார் மேல் தப்பு? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம், வாருங்கள்.

பெட்ரோல் காரில் நியூட்ரல் என்பது நிஜமாகவே ஒரு பிரிவு. பற்சக்கரங்கள் விலகி, இன்ஜினும் சக்கரமும் 'நீ யாரோ நான் யாரோ' என்று ஆகிவிடும். பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் அந்த விவாகரத்துக்கே வழியில்லை. கிளட்ச் கிடையாது. கியர் விகிதம் ஒன்றே ஒன்று. மோட்டாரும் சக்கரமும் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கும். நீங்கள் 'என்' என்ற எழுத்தைத் தொட்டால் இன்வெர்ட்டர் மோட்டாரை வேலை வாங்காமல் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். ஆக, அங்கே நியூட்ரல் என்பது ஒரு பொருள் அல்ல, கம்ப்யூட்டருக்கு நாம் விடும் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் தூங்கப் போனால் வேண்டுகோளைக் கேட்க ஆள் இல்லை.

நடுரோட்டில் நின்றுபோன எலெக்ட்ரிக் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது என்று கையேடுகள் சொல்வதும் இதனால்தான். மோட்டாரோடு சேர்ந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தயாரிக்க ஆரம்பித்துவிடும். நான்கு சக்கரமும் தரையில் படாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் சரி.

அடுத்தது 'பார்க்'. இது எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. சிலவற்றில் ஒரு இரும்புப் பல் விழுந்து பற்சக்கரத்தைப் பூட்டுகிறது. டெஸ்லா போன்றவற்றில் 'பார்க்' போட்டால் பின் சக்கரத்து எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்தான் பிடிக்கிறது. இந்த பிரேக் ஒருமுறை பிடித்துவிட்டால் கரன்ட் இல்லாமலே பிடித்தபடி இருக்கும். விடுவிக்கத்தான் கரன்ட் வேண்டும். அந்த கரன்ட் அடியில் இருக்கும் பெரிய பேட்டரியிலிருந்து நேராக வருவதில்லை. பழைய கார்களில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரியில் நானூறு கிலோமீட்டருக்குச் சார்ஜ் இருந்தாலும், பட்டனை அமுக்கி அமுக்கி விரல்தான் தேயும்.

சரி, நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்க வழியே இல்லையா? இருக்கிறது. எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் புகார்.

2023-ல் இங்கே விற்பனைக்கு வந்த ஹூண்டாய் அயோனிக் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஹோல்டை அணைக்க வேண்டும். பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். கால் பிரேக்கை மிதித்தபடி 'என்' போட வேண்டும். அப்போது டிஸ்ப்ளேயில் ஒரு செய்தி வரும்: வண்டியை அணைத்த பிறகும் நியூட்ரலில் இருக்க வேண்டுமானால் ஸ்டியரிங்கில் உள்ள ஓகே பட்டனை அழுத்திப் பிடி என்று. பிடித்துவிட்டு அப்புறம் அணைக்க வேண்டும். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது இத்தனையையும் வரிசை மாறாமல் செய்து பாருங்கள்!

2025-ல் இந்தியாவுக்கு வந்த டெஸ்லாவில் இன்னும் ஜோர். டிரைவர் சீட்டை விட்டு எழுந்தாலே வண்டி 'பார்க்'குக்குப் போய்விடும். போகாமல் இருக்க வேண்டுமானால் திரையில் மெனுவுக்குள் மெனுவாக நுழைந்து 'டிரான்ஸ்போர்ட் மோட்' தேட வேண்டும். இல்லாவிட்டால் 'கார் வாஷ் மோட்'. ஆமாம், கார் கழுவும் மெனுவுக்குள் குடியிருக்கிறது நியூட்ரல்!

கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் 'எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான்' என்பார்கள். அந்தப் பதிலை அலட்சியப்படுத்த முடியாது. 2016 ஜூனில் ஹாலிவுட் நடிகர் அன்டன் யெல்சின் தன் வீட்டு வாசலில் இறந்துபோனார். வயது 27. அவருடைய ஜீப் சரிவில் தானாக உருண்டு வந்து அவரைச் செங்கல் தூணோடு சேர்த்து நசுக்கியது. அது பெட்ரோல் காலத்து வண்டிதான். ஆனால் அந்த மாடலின் கியர் லிவர் எந்த நிலையில் போட்டாலும் கையை எடுத்ததும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். 'பார்க்' விழுந்துவிட்டது என்று நம்பிப் பலர் இறங்கியிருக்கிறார்கள், விழவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், ஏப்ரலில், இதே லிவருக்காக 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. எலெக்ட்ரிக் காரிலோ இன்ஜின் சத்தமும் கிடையாது. ஓடத் தயாராக இருக்கிறதா, அணைந்துவிட்டதா என்று காதுக்குத் தெரியாது. ஆகவே இறங்கினால் தானாக 'பார்க்' விழுவது நல்ல விஷயம். அதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

என் சண்டை வேறு. பூட்டுவது தானாக நடக்கட்டும், திறக்கிற வழி ஏன் வண்டிக்கு ஒரு தினுசு? 2020-ல் வந்த முதல் டாடா நெக்ஸான் இ.வி.யில் பழைய மாதிரி ஹேண்ட் பிரேக் லிவர் இருந்தது. 'கிர்ர்ர்' என்று இழுத்தால் கைக்கே தெரியும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் செக்யூரிட்டிக்கும் தெரியும். 2022-ல் நெக்ஸான் இ.வி. மேக்ஸ் வந்தபோது அந்த இடத்தில் ஒரு பட்டன். பார்க்க அழகு, இடமும் மிச்சம். ஆனால் பிரேக் போட்டிருக்கிறதா என்று வெளியே நிற்பவருக்குச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

இந்தக் குழப்பம் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கியர் வந்த புதிதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வரிசை. சிலவற்றில் முன்னே போகும் கியருக்கு ஒட்டினாற்போல் ரிவர்ஸ். முன்னே போக நினைத்துப் பின்னே போய் ஆட்கள் அடிபட்டார்கள். ரால்ஃப் நேடர் 1965-ல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற புத்தகத்தில் இதைக் கிழி கிழியென்று கிழித்தார். 1960-களின் கடைசியில், முன்னே போவதற்கும் பின்னே போவதற்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டது. 'டிசைன் எங்கள் சுதந்திரம்' என்றவர்கள் மறுபேச்சில்லாமல் ஒரே வரிசைக்கு வந்தார்கள். இன்றைக்குத் திரைக்கும் பட்டனுக்கும் அப்படி ஒரு பொது வரிசை வேண்டும்.

அதுவரை நாமும் சில பழைய பழக்கங்களை இறக்கி வைக்கலாம். சிக்னலில் நியூட்ரல் வேண்டாம். மிதிக்கக் கிளட்ச் இல்லை, நிற்கும்போது குடிக்க இன்ஜினும் இல்லை. கால் பிரேக்கோ, ஆட்டோ ஹோல்டோ போதும்.

ஊட்டியிலிருந்து இறங்கும்போது 'நியூட்ரல்ல விட்டா மிச்சம்' என்ற மூத்த டிரைவர்களின் சித்தாந்தமும் வேண்டாம். அது பெட்ரோல் காரிலேயே ஆபத்து. எலெக்ட்ரிக்கில் நஷ்டமும்கூட. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், இறக்கம் என்பது வரவு எழுதுகிற நேரம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரியில் போட்டுவிடும். நியூட்ரல் போட்டால் வரவும் போச்சு, பிடிமானமும் போச்சு. முழுப் பாரமும் பிரேக் தலையில். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் சூடேறிய பிரேக்கோடு இறங்க யாருக்கும் ஆசை இருக்காது. ஒரு எச்சரிக்கை: மலை உச்சியில் நூறு சதவிகிதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி வரவை வாங்கிக்கொள்ளாது, மோட்டாரின் பிடியும் குறையும்.

வண்டி கட்டுப்பாட்டை மீறிப் பாய்கிறதா? பிரேக்கை முழுபலத்தோடு மிதியுங்கள், நியூட்ரலைத் தட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால், எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் அந்த ஸ்விட்சை விடாமல் பிடித்தால் ஓடும் வண்டியையும் அது நிறுத்தும். உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டில் இன்றைக்கே பாருங்கள். ஆபத்து வரும் நேரத்தில் பக்கம் புரட்ட முடியாது.

அப்புறம், அபார்ட்மென்ட் செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிரேக் இல்லாமல் நிற்கும் ஒன்றரை டன் இரும்பு என்பது எந்தக் காராக இருந்தாலும் வம்புதான். குழந்தைகள் ஓடி விளையாடும் இடம் அது. எலெக்ட்ரிக் கார்களுக்கு யாரையும் மறிக்காத இடமாகப் பார்த்து ஒதுக்குங்கள். தள்ளுகிற சம்பிரதாயத்துக்கு மெள்ள விடைகொடுங்கள்.

புது எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஷோரூமில் டச் ஸ்க்ரீன் எத்தனை இஞ்ச், கூரைக் கண்ணாடி திறக்குமா என்று காட்டுவார்கள். பாருங்கள், ரசியுங்கள். டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் சேல்ஸ் தம்பியிடம், ''இதை ஆஃப் பண்ணிட்டு, இறங்கி, கையால ரெண்டடி தள்ளிக் காட்டுப்பா'' என்று கேளுங்கள். உடனே செய்து காட்டினால் புக் பண்ணலாம். 'மேனேஜரைக் கூப்பிடறேன் சார்' என்றால், அவர் வந்து செய்து காட்டும் வரை செக் புத்தகத்தைத் திறக்காதீர்கள்.