புக்கரெஸ்டின் ஆசிரியை

2022இல் ஃபோர்ட் வொர்த் நகரின் வான் கிளைபர்ன் போட்டியில் யுன்சான் லிம் தங்கப் பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 18. அந்தப் போட்டியில் அத்தனை இளையவர் எவரும் அதுவரை வென்றதில்லை. அதிலிருந்து, பியானோ கலைஞரைப் போட்டிதான் உருவாக்குகிறது, இருபது வயதுக்குள் பதக்கம் வேண்டும் என்ற பேச்சு வேரூன்றிவிட்டது. அது பிழையான பேச்சு. லிம்மின் ராக்மனினாஃப் வாசிப்பைக் கேட்டு வியந்தவர்கள், கொரியாவில் அவரைப் பழக்கிய மின்சூ சோனின் பெயரை ஏன் உடனே மறந்தார்கள்?

வரலாறு வேறு வழியில்தான் நடந்திருக்கிறது. பியானோ கலைஞர் கிளாராவைத் தந்தை வீக் பழக்கினார். சிறுவன் லிஸ்டுக்குச் செர்னி காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். அந்த லிஸ்ட்தான் 1839இல் துணைக் கலைஞர் எவருமின்றித் தனிக்கச்சேரி செய்யத் துணிந்தார். லெஷெடிட்ஸ்கியின் வியன்னா வகுப்பு பாதெரெவ்ஸ்கியையும் ஷ்னாபெலையும் தந்தது. வார்சாவின் ஷோப்பான் போட்டி தொடங்கியதே 1927இல்தான்.

இந்த வரிசையில் அநியாயமாக விடுபட்டவர் புக்கரெஸ்டின் ஃப்ளோரிகா மூசிசெஸ்கு. கண்டிப்பான ஆசிரியை. விரல் வேகத்தைவிட ஒவ்வொரு சுரத்தின் நாதத்திலும் பிடிவாதம் காட்டியவர். 1928 முதல் 1932 வரை பியானோ கலைஞர் தினு லிபாட்டி அவரிடம் கற்றார். மறு ஆண்டு வியன்னா போட்டியில் 16 வயது லிபாட்டிக்கு இரண்டாமிடம் தந்ததைப் பொறுக்காமல் நடுவர் கோர்ட்டோ பதவி விலகினார். போட்டிக்குக் காது எவ்வளவு மந்தம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பிறகு லிபாட்டி பாரிஸில் கோர்ட்டோவிடமும் நாடியா புலாஞ்சேவிடமும் பயின்றார். அவசரம் மட்டும் அவருக்கு வரவேயில்லை. சைகோவ்ஸ்கியின் கச்சேர்ட்டோவுக்கு மூன்று ஆண்டு, பீத்தோவனின் 'எம்பரர்' கச்சேர்ட்டோவுக்கு நான்கு ஆண்டு சாதகம் வேண்டும் என்று இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்டர் லெக்கிடம் கேட்டவர் அவர். 1950 செப்டம்பர் 16, பெசான்ஸோன் கச்சேரியில் நோய் முற்றிய நிலையில் பாக், மொசார்ட், ஷூபர்ட் வாசித்து, ஷோப்பானின் 14 வால்ஸ்களில் 13ஐ முடித்தார். அந்தப் பதிவில் உடல் தளர்ந்திருக்கலாம், நாதம் தளரவில்லை. அந்த டிசம்பரில், 33 வயதில் மறைந்தார்.

மூசிசெஸ்குவின் முதுமையில் அவரிடம் கற்க வந்தவர் ராது லுபு. பின்னர் மாஸ்கோவில் ஆசிரியர் நாய்ஹவுஸிடம் பயிலச் சென்றார். 1966இல் அதே கிளைபர்ன் போட்டியை வென்றும், குவிந்த கச்சேரி வாய்ப்புகளை விட்டுவிட்டு மாஸ்கோ வகுப்புக்கே திரும்பினார். லீட்ஸ் போட்டியில் வெற்றி 1969இல் வந்தது. பிற்காலத்தில் அவர் வாசித்த ஷூபர்ட்டின் நிதானம் அப்படிப் பிறந்தது.

மாறாக, போட்டிக்குப் பெயர் தந்த வான் கிளைபர்னையே பாருங்கள். தாயாரும் ரோசினா லெவினும் அருமையாக வளர்த்த கலைஞர். 1958இல் மாஸ்கோவில் நடந்த போட்டியில் வென்றபின் ரசிகர்கள் அவரிடம் திரும்பத் திரும்பச் சைகோவ்ஸ்கியையே கேட்டார்கள். 1978இல் மேடையைவிட்டுப் பல ஆண்டுகள் ஒதுங்கினார். அந்த வெற்றி அவரை வளரவிடவில்லை என்றே நான் நம்புகிறேன்.

பதக்கத்தோடு சேர்த்து மூன்று ஆண்டுக் கச்சேரிப் பட்டியலையும் இளைஞரின் தலையில் ஏற்றுவதை அமைப்பாளர்கள் நிறுத்த வேண்டும். முதல் ஆண்டில் சிறிய அரங்குகளில் சில கச்சேரிகள் போதும். மற்ற நாட்களை அவருடைய ஆசிரியரிடம் விட்டுவிடலாம்.