பட்டைகளின் கணக்கு

ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ஓடுகிறது கிப் ரிவர் ரோடு. ஏறத்தாழ 660 கிலோமீட்டர், பெரும்பகுதி மண்சாலை. அலை அலையாக எழும்பி நிற்கும் அந்த மேடுபள்ளங்கள்தான் பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷனுக்கு உண்மையான பரீட்சை.

டொயோட்டா ஹைலக்ஸின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். மேலே நீளமானது, கீழே போகப்போகக் குட்டை. அடியில் ஒரு தடித்த பட்டை, வளைவே இல்லாமல் சும்மா கிடப்பதுபோல் தெரியும். பாரம் ஏறி மற்றவை தாழ்ந்த பிறகுதான் அது தோள் கொடுக்கும். இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குத் தீராத பிரியம்.

இந்தப் பட்டைகளை மாற்றும்போது பலரும் கேட்பது, வண்டி எத்தனை அங்குலம் உயரும் என்று. கேட்க வேண்டியதோ, எப்போதும் எவ்வளவு எடை ஏறியிருக்கும் என்று. கூடாரம், தண்ணீர், டீசல் எல்லாம் ஏற்றி எடைமேடையில் ஒருமுறை நிறுத்தினால் பதில் வந்துவிடும். 300 கிலோவுக்கான பட்டைகளைப் போட்டு வெறும் வண்டியை ஓட்டினால் பின்சக்கரம் துள்ளும், தரையைப் பிடிக்காது. முன்பக்கத்தை அளவு மீறி உயர்த்தினால் முன்சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஜாயிண்ட் கோணலாகச் சுழன்று சீக்கிரம் தேயும்.

ஓயாத குலுக்கலில் ஷாக் அப்சார்பரின் எண்ணெய் சூடேறி நுரைக்கும்; பிடி தளரும். நைட்ரஜனை அழுத்தி அடைப்பது அந்த நுரையை அடக்கத்தான்.

பணம் குறைவா? உயரத்தை விடுங்கள், நல்ல ஷாக்குக்குச் செலவழியுங்கள்.