பாதைக்கு வேண்டிய வெளிச்சம், வீட்டுக்கு வேண்டாத வெளிச்சம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையை அவர்களில் பலர் எட்டும்போது நடுநிசி ஆகிவிடும். முள்ளும் உடைந்த கண்ணாடியும் காலில் படுமுன் கண்ணில் பட வேண்டும். கூட்டத்தில் கைநழுவிய குழந்தையைத் தேட வேண்டும். காட்டோரம் என்பதால் பாம்பு, தேள் பயமும் உண்டு. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் உள்ளூர்ப் பெண்களுக்கும் கம்பத்து விளக்குதான் துணை. எனவே கிரிவலப் பாதைக்கு விளக்கு வேண்டாம் என்று சொல்பவர் யாரும் இருக்க முடியாது.

கேள்வி அளவைப் பற்றியது. இங்கே வெளிச்சத்தின் அளவைத் தீர்மானிப்பது கூட்டம். பௌர்ணமி ஆண்டுக்கு 12 அல்லது 13 முறை வருகிறது. மற்ற நாட்களிலும் இப்போது பக்தர்கள் நடக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும் தேய்பிறையில் ஒரு நாள், இரவு இரண்டு மணிக்கு, ஆளில்லாத சாலைக்கும் திருவிழா வெளிச்சம் எதற்கு? சாலை விளக்குகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1944 எல்லாச் சாலைக்கும் ஒரே அளவைச் சொல்லவில்லை. நெரிசலும் வேகமும் மிகுந்த பிரதான சாலைக்கு 30 லக்ஸ், போக்குவரத்து குறைந்த தெருவுக்கு 4 லக்ஸ் என்று பிரிக்கிறது. முழு நிலவின் ஒளியோ 0.3 லக்ஸைத் தாண்டுவதில்லை. நிலவொளியில் நடக்கும் வழக்கத்துக்கு நிலவைப் போல நூறு மடங்கு வெளிச்சம் தேவையா என்று பாதையை அமைப்பவர்கள் யோசித்தாக வேண்டும்.

அளவைவிடப் பெரிய பிழை திசையில் இருக்கிறது. மேல்பக்கமும் பக்கவாட்டும் மூடாத விளக்கும், சாய்த்து மாட்டிய ஃபிளட் லைட்டும் தரைக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு பங்கை எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கொடுக்கின்றன. திருவண்ணாமலையின் கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்தோ மொட்டை மாடியில் பாய் விரித்தோ தூங்குவதுதான் வழக்கம். வெளிச்சத்துக்குப் பயந்து ஜன்னலை அடைத்தால் காற்றும் போய்விடும். ஏசி வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார்; ஓட்டு வீட்டுக்காரர் என்ன செய்வார்? வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. கண் கூசும்போது கண்பாப்பா சுருங்குகிறது; விளக்கு வட்டத்துக்கு வெளியே உள்ள இருட்டு இன்னும் கருக்கிறது; அங்கே நிற்பவர் நமக்குத் தெரிவதில்லை.

அடுத்தது நிறம். 2015-இல் தேசிய தெருவிளக்குத் திட்டம் தொடங்கியபின் நாடெங்கும் சோடியம் விளக்கின் மஞ்சள் போய் எல்இடியின் வெள்ளை வந்தது. மின்செலவு பெரிதாகக் குறைந்தது. அந்த லாபத்தை மறுக்க முடியாது. ஆனால் பளீர் வெள்ளையில் நீல ஒளி அதிகம். உடலுக்கு இரவு வந்துவிட்டது என்று உணர்த்தும் மெலடோனின் சுரப்பைக் குறைப்பது அந்த நீலம்தான். தெருவிளக்கின் நிற வெப்பநிலை 3000 கெல்வினுக்கு மேல் போக வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் புதிய வெள்ளை விளக்குகளின் கூச்சத்தைக் குடியிருப்பவர்கள் எதிர்த்தபோது, நகர நிர்வாகம் 2014-இல் வீட்டுத் தெருக்களில் இதமான நிற விளக்குகளை மாட்டிக் கொடுத்தது. இரண்டு இடத்திலும் எல்இடியைக் கைவிடச் சொல்லவில்லை. மின்சேமிப்பும் தூக்கமும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

மனிதர் மட்டுமா? பாதையின் உள்பக்கம் காப்புக்காடு, மான்கள் உலவும் இடம். இரவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கும் பயிர்களும் உண்டு. பூப்பதைத் தள்ளிப்போட சாமந்தி வயலில் ராத்திரி பல்பு எரியவிடுவது விவசாயிகள் அறிந்த உத்தி. சாலையோரத்துப் பூ வயலுக்கு அதே வேலையைக் கம்பத்து விளக்கு யாரையும் கேட்காமல் செய்துவிடும்.

எனக்கு மிகவும் உறுத்துவது தீபத்தைப் பற்றியது. 2,668 அடி உயர மலையுச்சியில் கார்த்திகையன்று ஏற்றும் மகாதீபம் தொடர்ந்து 11 நாள் எரிகிறது. அந்த ஜோதிக்காகத்தான் இந்த ஊரே இருக்கிறது. மலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் வாசலிலிருந்தே கும்பிடுகிறார்கள். கண்ணெதிரே ஒரு வெள்ளை விளக்கு கூசினால், உச்சியில் எரியும் சுடர் மங்கித்தான் தெரியும். பக்தருக்காகப் போட்ட வெளிச்சமே பக்தரின் தரிசனத்தைக் குறைக்கிறது.

இதற்குத் தீர்வு தேடி ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. பிரான்ஸ் 2018 டிசம்பரில் பிறப்பித்த ஆணை சாலை விளக்கின் நிறத்துக்கும், மேல்நோக்கிச் சிந்தும் ஒளிக்கும் வரம்பு விதித்தது. நம் நாட்டில் லடாக்கின் ஹன்லே 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் காவலூர் வானாய்வகம் இருப்பது, நம் மாவட்டத்திலும் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில்தான். இருண்ட வானத்தின் அருமை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

சாலைத் துறையும் உள்ளாட்சியும் அடுத்த டெண்டரில் மூன்று நிபந்தனைகளை எழுதட்டும்: வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி மூடிய விளக்கு, 3000 கெல்வினுக்கு மிகாத நிறம், பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் முழு ஒளி தந்து மற்ற நாட்களில் இரவு 11 மணிக்குமேல் குறைந்த ஒளி. கம்பம் நடுமுன், யார் ஜன்னலுக்கு நேரே அது நிற்கப்போகிறதோ அந்த வீட்டாரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.