துறைதோறும் பிரியும் கலைச்சொல்

ஆய்வுத்துறைகள் பெருகுந்தோறும் கலைச்சொற்களும் பெருகுதல் இயல்பு. ஆயின், ஓர் ஆங்கிலச் சொல் துறைதோறும் வெவ்வேறு தமிழ் வடிவம் பெறுவதைக் குறையெனக் கொண்டு, ஒன்றற்கு ஒன்றே என வரையறுக்க முனைவோர் உளர். இக்கருத்து மறு ஆய்வுக்குரியது.

‘டிப்ரஷன்’ என்பதை நோக்கலாம். மருத்துவத்தில் அது மனச்சோர்வு, வணிகவியலில் பெருமந்தம், வானிலையியலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியை எவரும் மனச்சோர்வு என்னார். ஆங்கிலம் ஓர் உருவகத்துள் அடக்கிய வேறுபாட்டைத் தமிழ் விரித்துக் காட்டுகிறது. இது வறுமையன்று.

இதன் மறுதலையே இடர் தருவது. ‘சூழல்’ என்னும் ஒரு சொல் கல்வியியலில் வகுப்பறை நிலையையும், மொழியியலில் சொல் பயிலும் இடத்தையும், சுற்றுச்சூழலியலில் நீர், காற்று, மண் ஆகியவற்றையும் சுட்டுகிறது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த ஊரின் பள்ளியை ஆராய்பவர் ‘மாணவர் மீது சூழலின் தாக்கம்’ என வாளா எழுதின், தாக்குவது கழிவுநீரா, கற்பிக்கும் முறையா என்பது விளங்காது. ஆய்வேட்டின் முடிவே ஐயத்திற்கு இடமாகும்.

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்தில் பல துறைக் கட்டுரைகள் அகரவரிசையில் அருகருகே நின்றன; ஒரு துறையின் சொல் பிறிதொரு துறையின் சொல்லை எதிர்கொள்ள நேர்ந்தது. துறைக்கொரு நூலாகப் பிரியும் சொற்றொகுதிகளில் அவ்வாய்ப்பு இல்லை. (அச்சிடுவோர்க்கு அது எளிது, பயில்வோர்க்கு அன்று.) கற்றற்சூழல், சொற்சூழல், சுற்றுச்சூழல் என அடையடுத்து ஆளும் வழக்கு முன்பே உண்டு, ஆய்வேடுகள் அதனைக் கைவிட்டதற்குச் சுருக்கத்தில் கொண்ட விருப்பமன்றி வேறு காரணம் புலப்படவில்லை.