வண்டி தண்ணீர் குடிப்பதில்லை

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர்க் கணவாய் ஏறும் லாரி ஒன்று ஓரங்கட்டி நிற்கிறது. ஓட்டுநர் ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திருகுகிறார். உஸ்ஸென்று ஆவி சீறுகிறது. பழைய எண்ணெய் கேனிலிருந்து தண்ணீரை ஊற்றிக் கால் மணியில் கிளம்பிவிடுகிறார். இதைக் கைபேசியில் படம்பிடித்து, அந்தக் காலத்து டிரைவர்களின் கைப்பக்குவம் என்று கொண்டாடுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. கூலன்ட் எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம், நம்ம ஊருக்குத் தண்ணியே போதும் என்று பட்டறைகளிலும் வக்காலத்து வாங்குகிறார்கள்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. வெப்பத்தை வாங்கிச் சுமப்பதில் கூலன்ட் கலவையைவிட வெறும் தண்ணீர் ஒரு படி மேல்தான். பனி உறையாத ஊரில் உறைவதற்கும் பயப்பட வேண்டியதில்லை. முள்ளைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் இன்ஜினின் நிலையைச் சொல்லிவிடுகிற ஓட்டுநரின் கூர்மையை நான் குறைத்து மதிக்கவும் மாட்டேன்.

என் சண்டை ஒரு சொல்லோடு. "வண்டி தண்ணி குடிக்குது" என்கிறார்களே, அதோடு. இருபது வருடமாகக் கேட்கிறேன். வயசான மாடு கூடத் தீவனம் தின்கிற மாதிரி, அது ஏதோ வண்டியின் சுபாவம் என்று ஆறுதலாகச் சொல்வார்கள். குளிர்விப்பு அமைப்பு ஒரு மூடிய சுற்று. டீசல் எரிந்து தீரும், தண்ணீர் தீரக்கூடாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், மூடியின் ரப்பர் வெடித்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் பலவற்றுக்குப் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் வேறு இருக்கிறது. அது ஓட்டையானால் தண்ணீர் வெளியே சொட்டாமல் புகையோடு போய்விடும்.

வெறும் தண்ணீரே ஓட்டையும் போடும். கனரக இன்ஜின் பலவற்றில் சிலிண்டர் லைனரின் வெளிப்புறம் நேரடியாகத் தண்ணீரில் நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிர்கிறது. அதன் முதுகில் நீர்க்குமிழ்கள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு உடைவும் இரும்பைக் கொஞ்சம் கொத்துகிறது. கூலன்டில் கலந்திருக்கும் மருந்து லைனரின்மேல் மெல்லிய படலம் போட்டு அதைத் தடுக்கும். போர்வெல் தண்ணீரில் அது ஏது? உப்புதான் உண்டு. ஊசித்துளை விழுந்து, தண்ணீர் ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரியும்போது செலவு லட்சத்தைத் தொட்டிருக்கும். அதுவரை குடிக்குது குடிக்குது என்று ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஊற்ற வேண்டுமென்றால் திறக்க வேண்டும். திறப்பதோ வழியில், சூட்டோடு. மூடி ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ அழுத்தம் பிடித்தால் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி விலகியதும் அழுத்தம் போய்விடும், அந்தக் கணமே கொதிக்கும். ஆவியாகும் ஒவ்வொரு துளியும் 1,600 மடங்குக்கு மேல் பருத்துக்கொண்டு வெளியே பாயும். ஈரச் சாக்கு அதற்கு எம்மாத்திரம்? 50 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை மூடியைத் தொடாதே என்று கம்மின்ஸ் கையேடுகள் சொல்கின்றன. மேட்டில் திணறி நின்ற வண்டி அந்த அளவுக்கு ஆற மணிக்கணக்காகும். லோடு நேரத்துக்குச் சேரவில்லையென்றால் பேட்டா பிடிக்கிற முதலாளியிடம் இதை யார் சொல்வது? கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும் என்பது தெரிந்தும் ஊற்றுகிறார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் கிளீனராகப் போன மூன்றாம் மாதம் அப்படித்தான் திறந்தான். கழுத்திலிருந்து நெஞ்சுவரை வெந்தது. சட்டையைத் தோலோடுதான் உரிக்க முடிந்தது. பிறகு அந்த வண்டியின் கேபினைத் தூக்கிப் பார்த்தேன். வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டி, பம்ப் போகப்போகிறது என்று காட்டிக்கொடுப்பதற்காக வைத்த துளை. அதன்மேல் எம்-சீல் அப்பியிருந்தது. ஓரத்தில் உப்பு காய்ந்த வெள்ளைப் பொருக்கு. யாரோ பார்த்திருக்கிறார்கள், புரிந்துகொண்டிருக்கிறார்கள், அடைத்துவிட்டு ஒரு கேன் தண்ணீரை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

இதைக் கைப்பக்குவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கேஜ் வைத்த கைப்பம்பால் ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பார்த்தால் கசிவு பிடிபட்டுவிடும். எத்தனை லாரி ஷெட்டுகளில் அந்தப் பம்ப் இருக்கிறது? ட்ரிப் கணக்கில் டீசல் எழுதுகிறார்கள், டோல் எழுதுகிறார்கள், டீச் செலவுகூட எழுதுகிறார்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் முதலாளி ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பையனை மட்டும் அவ்வப்போது பார்க்கிறேன். சித்திரை வெயிலிலும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் வண்டிக்குப் போகிறான்.