பட்டை வரைவதும் பாடுகிறவளை வரைவதும்

கச்சேரிக்குப் போய் உட்கார்ந்து, பாடுகிறவரை அங்கேயே பென்சிலால் வரைவது தமிழ்ப் பத்திரிகைகளில் பழைய வழக்கம். 1930களில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனின் ‘ஆடல் பாடல்’ பகுதியில் சங்கீத விமர்சனம் எழுதினார். அதே காலத்தில், அதே பத்திரிகையில் ஓவியர் மாலி வித்வான்களைக் கோட்டுச் சித்திரங்களாகப் போட்டார். புல்லாங்குழல் மாலி வேறு. இவர் தூரிகை மாலி. இவருடைய வழியில் வந்தவர் கோபுலு. இவர்கள் போட்டுக் கொடுத்த தடத்தில்தான் இன்றைக்கும் மார்கழி மாதச் சபாக்களில் நோட்டுப் புத்தகத்தோடு பலர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கல்கி எழுதியது மட்டும் விமர்சனம் இல்லை, மாலி வரைந்ததும் விமர்சனம்தான். மேடையில் இரண்டரை மணி நேரம் நடப்பதிலிருந்து பத்துக் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் விட்டுவிடுவது ஒரு தீர்ப்பு. இந்தப் பாடகரிடம் முக்கியமானது இதுதான் என்று ஓவியர் சொல்லிவிடுகிறார். ஆகவே எழுதப்பட்ட விமர்சனத்திடம் நாம் கேட்கும் கேள்வியை இந்தப் படங்களிடமும் கேட்கலாம்: ஆண் பாடும்போது எதை எடுத்தீர்கள்? பெண் பாடும்போது எதை எடுத்தீர்கள்?

நான் பார்த்து வளர்ந்த படங்களில் ஆண் வித்வான் வேலை செய்துகொண்டிருப்பார். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். கழுத்து நரம்பு புடைத்திருக்கும். ஒரு கை வானத்தில் எதையோ பறித்துக்கொண்டிருக்கும். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு மரியாதை இருக்கிறது: இந்த மனிதர் ராகத்தோடு மல்லுக்கட்டுகிறார் என்பதை வாசகர் புரிந்துகொள்கிறார். பெண் கலைஞர் வரும்போது கோடு திடீரென்று பணிவாகிவிடும். மூக்குத்தி, தலையில் பூ, புடவைக் கரை, மடியில் அடக்கமாக வைத்த கை. வாய் திறந்திருக்கிறதா என்பதே சில படங்களில் தெரியாது. அவள் பாடுகிறாளா, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன் உட்கார்ந்திருக்கிறாளா என்று கேட்கத் தோன்றும். பெண்ணைக் கேலிச் சித்திரமாக்கக் கூடாது என்ற நாகரிகம் இது என்று சொல்லலாம். அந்த நாகரிகத்தின் விலை, அவளுடைய உழைப்பு படத்தில் விழாமல் போனது.

ஓவியர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. அவர்கள் வரைந்தது மேடையில் இருந்ததைத்தான். மேடையை அதற்கு முன்பே ஒழுங்குபடுத்தி முடித்திருந்தார்கள். அமண்டா வைட்மன் 2006இல் வெளியிட்ட கர்நாடக இசை பற்றிய ஆய்வு நூலில் இதை விளக்குகிறார்: இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘குடும்பப் பெண்’ மேடைக்கு வந்தபோது, குரல் மட்டும் வரட்டும், உடம்பு வரக் கூடாது என்ற எழுதாத விதியும் கூடவே வந்தது. உடம்பு தெரிந்தால் தேவதாசி மரபு நினைவுக்கு வந்துவிடுமே! அதனால் அசையாமல் உட்கார்ந்து, முகம் கோணாமல், தாளம் அதிகம் சத்தமில்லாமல் பாட வேண்டும். பாட்டு கற்கும் பெண்பிள்ளைகளுக்குக் கண்ணாடி முன் உட்கார்ந்து பாடச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக் கதையைப் பார்த்தாலே இது விளங்கும். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) லயத்தில் சிங்கம். பக்கவாத்தியங்களை மேடை நிறைய உட்காரவைத்து, தொடையில் ஓங்கித் தாளம் போட்டுப் பாடியவர். அவருடைய தாய் காமாட்சியும் பெரியம்மா தனகோடியும் காஞ்சிபுரம் தனகோடி சகோதரிகள் என்று பெயர் பெற்ற பாடகிகள். அந்த வீட்டின் இசை ஆண் வழியாக வெளியே வந்தபோது, அவர் தொடையில் போட்ட அடிகூடச் சரித்திரத்தில் நின்றது. அந்தச் சகோதரிகள் எப்படி உட்கார்ந்தார்கள், தாளத்தை எங்கே போட்டார்கள் என்று வரைந்து காட்டியவர் யார்?

அதே காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்தவர் டி.கே. பட்டம்மாள். தாய்க்கு நன்றாகப் பாட வரும். வெளியில் பாட அனுமதி இல்லை. மகள் கச்சேரிகளுக்குப் போய்க் கேட்டு, வீட்டுக்கு வந்ததும் மனத்தில் நின்ற சங்கதிகளைச் சகோதரர்களின் துணையோடு எழுதிவைத்துக் கற்றார். இதை நான் ஓவியம் என்றே எண்ணுகிறேன். கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு கலைஞரைக் கூர்ந்து கவனித்து, கைக்குக் கொண்டுவருவதுதானே இதுவும். பின்னாளில் ராகம் தானம் பல்லவியைப் பெண்கள் பாட முடியாது என்ற எண்ணத்தை உடைத்து ‘பல்லவி பட்டம்மாள்’ ஆனார். பல்லவி என்பது கணக்கு. கையும் விரலும் ஓயாமல் வேலை செய்யும் இடம். அவரை வரைகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கையை.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் விஷயம் இன்னும் தெளிவு. காஞ்சிப் பட்டில் ‘எம்.எஸ். புளூ’ என்று ஒரு நிறமே உண்டு. ஜவுளிக் கடையில் போய்க் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். அதைப் பெருமையாகச் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த நிறத்தைக் கொண்டுவந்ததும் ஒரு நெசவாளரின் உழைப்புதான். ஆனால் எந்த ஆண் வித்வானின் பெயரிலாவது வேட்டிக் கரை உண்டா? அவர்கள் பெயரில் பாணிகள் இருக்கின்றன: அரியக்குடி பாணி, ஜி.என்.பி. பாணி. ஆணுக்குப் பாணியும் பெண்ணுக்குப் புடவையும் மிச்சமாகும் ஓர் ஏற்பாட்டில் ஓவியர்களின் பென்சிலுக்கும் பங்கு உண்டு.

இனி, பென்சில் யார் கையில் இருந்தது என்ற கேள்வி. வரைவதற்கு ஒருவரை முறைத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம், அரை மணி, சில சமயம் இரவு முழுக்க. பொது இடத்தில் ஓர் ஆணை அப்படிப் பார்க்கும் உரிமை நம் பெண்களுக்கு எப்போது இருந்தது? ஜெர்மனியில் பிறந்து 1939இல் இங்கிலாந்துக்குப் போன மிலைன் காஸ்மன் (1921–2017) என்ற ஓவியர் இசை ஒத்திகைகளில் உட்கார்ந்து வரைவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். ஸ்ட்ராவின்ஸ்கியை ஒத்திகையில் அவர் வரைந்த படங்கள் 1962இல் புத்தகமாக வந்தன. கச்சேரிக்கு உடுத்தி வந்த மேதை அல்ல, வேலைக்கு வந்த கிழவர் ஒருவர் அவற்றில் குனிந்து, வளைந்து, கையை வீசிக்கொண்டிருப்பார். ஒத்திகை அறைக்குள் நுழைய அவருக்குக் கதவு திறந்தது. நம் சபாக்களின் மேடைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெண் போய் நின்றால், யாரோடு வந்தாய் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நான் இருப்பது உத்திரமேரூரில். இங்கே சபா கிடையாது, தெருதான் மேடை. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரமும் தவிலும், சாவு ஊர்வலத்தில் பறை, சுற்றுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் விடிய விடியக் கூத்து. தவில்காரரின் வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகளும் இடக்கைக் குச்சியும் ஒரு கணம்கூட நிற்காது. அந்தக் கையை வரைய முடியாது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். தோளையும் கழுத்தில் மாட்டிய வாரையும் வரைந்தால் கை தானாக வந்து சேரும். கூத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை வாசிப்பவர்கள் பின்னால் பெஞ்சில் இருப்பார்கள். வேஷக்காரர்கள் மாறி மாறி வந்து போவார்கள். இவர்கள் எழுந்திருக்க முடியாது.

ஒரு கூத்தில் பக்கத்தில் பாய் விரித்திருந்த ஆயா என்னிடம் கேட்டார்: “ஏம்மா, கணக்கு எழுதுறியா?”

“இல்ல ஆயா, மிருதங்கக்காரர வரையறேன்.”

வாங்கிப் பார்த்தார். “மூஞ்சியப் போட்டுக்கினு கீற. கையப் போடு. ராத்திரி பூரா அந்தக் கைதான் தூங்கல.”

இதைவிட நல்ல கலை விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. இராப் பகலாகக் கையால் வேலை செய்தவர்களுக்குக் கை முதலில் தெரிகிறது.

தெருவில் வரையும்போது இன்னொன்றும் புரிகிறது. சபா மேடையில் இருப்பவர் தன்னை வரைந்தால் மகிழ்வார். சாவு வீட்டில் பறை அடிக்கும் தலித் கலைஞர் அங்கே விருப்பத்தோடுதான் நிற்கிறாரா என்பதே கேள்வி. பென்சில் வைத்திருக்கும் நான் பெண் என்பதால் எனக்கு எல்லாப் பார்வையும் உரிமையாகிவிடாது. கேட்டு வரைய வேண்டும், வரைந்ததைக் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் மூடிவைக்க வேண்டும்.

பெண்ணின் உழைப்பை மறைக்கவே முடியாத வாத்தியங்களும் உண்டு. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாதஸ்வரம் வாசித்தார். 2020இல் கணவரோடு பத்மஸ்ரீ பெற்ற காலீஷாபி மகபூப் வாசிக்கிறார். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் வாசித்தார். கன்னம் உப்பாமல் நாதஸ்வரம் இல்லை. தோள் குலுங்காமல் மிருதங்கம் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்து சொல்லிக்கொடுத்தது. கட்டை கட்டிக் கிரீடம் வைத்துத் தொண்டை கிழியப் பாடும் ஒரு பெண்ணை அடக்கமான கோட்டால் வரைந்துவிட முடியுமா?

தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதுகூட இருக்கிறது. அதே கோயிலின் சோழர் ஓவியத்தில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். எந்த முகம் யாருடைய பெயர் என்று சேர்க்க நம்மிடம் வழி இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் அதே தவறைச் செய்ய வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் தோழிகள் நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். பாடுகிறவளின் தாடையை, தாளம் போடும் விரலை, தம்புராக்காரியின் மரத்துப்போன காலை வரையுங்கள். கீழே தேதியையும் ஊரையும் போடுங்கள். அவர் சம்மதித்தால் பெயரையும் எழுதுங்கள். புடவையை வரைய நேரம் இருந்தால் கடைசியில் வரைந்துகொள்ளலாம்.